சிடி99 பாசிட்டிவ், ஃபிஷ் நெகட்டிவ்: யூயிங் சார்கோமா இல்லை என்று எழுதலாமா?

முதுகலை_இரண்டு

வணக்கம். இப்படி ஒரு ரிப்போர்ட் கையில் வந்தால் என்ன செய்வது என்று கேட்கிறேன். 13 வயதுப் பிள்ளை. தொடை எலும்பின் நடுத்தண்டில் கட்டி. எக்ஸ்ரேயில் வெங்காயத்தோல் போல அடுக்கடுக்காகப் பெரியாஸ்டியம் (எலும்பின் மேலுறை). பயாப்ஸியில் சிறு வட்ட நீல செல்கள். சிடி99 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் செல்சவ்வு முழுக்க அடர்த்தியாகப் பிடித்திருக்கிறது. ஆனால் இடபிள்யூஎஸ்ஆர்1 மரபணு உடைந்திருக்கிறதா என்று அதன் இரு பக்கமும் சிவப்பு, பச்சை ஒளிரும் புரோப் ஒட்டிப் பார்க்கும் பிரேக்-அபார்ட் ஃபிஷ் டெஸ்ட் 'நெகட்டிவ்'.

11-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்வதுதான் யூயிங் சார்கோமா என்ற எலும்புப் புற்றின் அடையாளம் என்று படித்திருக்கிறோம். அது இல்லையென்றால் யூயிங் இல்லை என்று எழுதிவிடலாமா? இன்னொன்று: 8-ஆம் குரோமோசோம் மூன்று பிரதி, 1-ஆம் குரோமோசோமின் நீண்ட கை கூடுதல் என்றெல்லாம் ரிப்போர்ட்டில் வருகிறதே, அவற்றை வைத்து மருத்துவர் என்ன முடிவெடுக்க முடியும்?

திசுத்துண்டு

எழுதக் கூடாது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்றைப் பார்க்க வேண்டும். அந்த 'நெகட்டிவ்' உண்மையிலேயே நெகட்டிவா, இல்லை டெஸ்ட் வேலை செய்யாததா?

எலும்புத் திசு என்பதால் மெழுகு பிளாக் செய்வதற்கு முன் கால்சியம் நீக்குவார்கள். நைட்ரிக் அமிலமோ ஹைட்ரோகுளோரிக் அமிலமோ போட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். வெட்டும்போது கத்தி சிக்காது, வழக்கமான எச்அன்ட்ஈ சாயச் சிலைடும் பார்க்க நன்றாகவே இருக்கும். உள்ளே டிஎன்ஏவில் பியூரின் காரங்கள் கழன்று இழை துண்டுதுண்டாகியிருக்கும். ஆர்என்ஏ அதற்கு முன்பே போயிருக்கும். அந்தச் சிலைடில் ஃபிஷ் புரோப் ஒட்டுவதற்கு இலக்கே இல்லை. சிக்னல் மங்கலாக வரும், அல்லது வரவே வராது. அதை 'ஹைபிரிடைசேஷன் தோல்வி' என்றுதான் எழுத வேண்டும். 'மறுசீரமைப்பு காணப்படவில்லை' என்று எழுதினால் படிக்கிறவர் நெகட்டிவ் என்றுதான் எடுத்துக்கொள்வார், பிள்ளையின் சிகிச்சை வேறு பக்கம் போய்விடும். தோல்வியா இல்லையா என்பதற்குச் சான்று அதே சிலைடில் இருக்கிறது. ரத்தக் குழாய்ச் சுவர் செல்கள், லிம்ஃபோசைட்டுகள் போன்ற இயல்பான செல்களில் இரண்டு ஜோடி சிக்னல் பளிச்சென்று தெரிகிறதா என்று பாருங்கள். அவற்றிலும் தெரியவில்லை என்றால் கட்டி செல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல முடியாது.

சிடி99 பற்றியும் ஒரு எச்சரிக்கை. அது நுணுக்கமாகப் பிடிக்கும், ஆனால் தனித்துவம் கிடையாது. லிம்ஃபோபிளாஸ்டிக் லிம்ஃபோமா என்ற ரத்தப் புற்றும் சிடி99 பாசிட்டிவ்தான். எலும்பில் வந்தால் யூயிங்கில் பிடிக்கும் ஃப்ளை1 சாயமும் பிடிக்கும், வெள்ளணுக்களைக் காட்டும் எல்சிஏ சாயம் நெகட்டிவாகக்கூட இருக்கலாம். இளம் லிம்ஃபோசைட்டுகளைக் காட்டும் டிடிடி சாயம் போடாமல் யூயிங் என்று கையெழுத்துப் போடவே கூடாது. குழந்தை ரத்தப் புற்றின் மருந்துத் திட்டம் முற்றிலும் வேறு. என்கேஎக்ஸ்2.2 சாயம் செல்கருவில் பிடித்தால் நம்பிக்கை கூடும், ஆனால் மெசன்கைமல் காண்ட்ரோசார்கோமாவிலும் அது பிடிக்கும். மயோஜெனின், டெஸ்மின், சினாப்டோஃபைசின், டிடிடி, கெரட்டின், டபிள்யூடி1 என்று, இதைப் போலத் தோன்றும் மற்றக் கட்டிகளைப் பிரித்துக் காட்டும் சாயங்கள் எல்லாம் சேர்ந்த பேனலாகப் பாருங்கள். ஒற்றைச் சாயத்தை நம்பி முடிவெடுக்கும் கட்டி இது இல்லை.

பட்டைவரி

திசுத்துண்டு சார் சொன்னதற்கு மேல், ஃபிஷ் நன்றாக வேலை செய்தும் நெகட்டிவாக வரக்கூடிய வழிகளைச் சொல்கிறேன். அதற்கு இந்த இடமாற்றம் எப்படி அமைந்திருக்கிறது என்று புரிய வேண்டும்.

இடபிள்யூஎஸ்ஆர்1 மரபணு 22-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில், க்யூ12 பட்டையில் இருக்கிறது. ஃப்ளை1 மரபணு 11-ஆம் குரோமோசோமின் க்யூ24 பட்டையில். இரண்டும் படியெடுக்கப்படும் திசை ஒன்றுதான்: குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியரிலிருந்து நுனியை நோக்கி. அதனால் இரண்டு குரோமோசோமும் உடைந்து நுனித் துண்டுகளை மாற்றிக்கொண்டாலே, இடபிள்யூஎஸ்ஆர்1-இன் முன்பாதியும் ஃப்ளை1-இன் பின்பாதியும் ஒழுங்காகச் சேர்ந்துவிடும். கெடுதல் செய்யும் இணைவு மாறிய 22-இல் உட்காருகிறது. இந்த 11;22 இடமாற்றம் 1983-இல் விவரிக்கப்பட்டது. உள்ளே இருக்கும் மரபணுக்கள் 1992-இல் பிரிக்கப்பட்டன. நோயை ஜேம்ஸ் யூயிங் 1921-இலேயே விவரித்துவிட்டார், அவர் அதை ரத்தக் குழாய் உட்சுவர்க் கட்டி என்று நினைத்தார்.

நோயாளிகளில் ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்கு இந்த ஃப்ளை1 இணைவு. சுமார் 10 சதவீதம் பேருக்குக் கூட்டாளி 21-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஈஆர்ஜி. சிக்கல் இங்கேதான். ஈஆர்ஜி படியெடுக்கப்படும் திசை நேர் எதிர், நுனியிலிருந்து சென்ட்ரோமியரை நோக்கி. வெறுமனே நுனித் துண்டு மாற்றினால் மரபணு தலைகீழாக ஒட்டும், புரதம் உருவாகாது. ஒழுங்கான இணைவு கிடைக்க வேண்டுமென்றால் தலைகீழாக்கமும் செருகலும் சேர்ந்த பல உடைவுகள் நடந்தாக வேண்டும். செருகப்படும் துண்டு சிறியதாக இருந்தால் சிவப்புப் புரோபும் பச்சைப் புரோபும் பக்கத்துப் பக்கத்திலேயே கிடக்கும். பார்க்கிறவருக்கு மஞ்சள், அதாவது இயல்பு. ஈஆர்ஜி இணைவு உள்ள கட்டிகள் பிரேக்-அபார்ட்டில் தப்பிப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு வழி: இடபிள்யூஎஸ்ஆர்1-க்குப் பதிலாக அதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபஸ் மரபணு, 16-ஆம் குரோமோசோமில் இருப்பது, ஈஆர்ஜியுடன் சேரலாம். அரிது, ஆனால் அதுவும் யூயிங்தான். 22-ஆம் குரோமோசோமை மட்டும் பார்க்கும் புரோப் அதை எப்படிக் காட்டும்?

எண்ணும் வேலையிலும் பிழை வரும். செல்கரு 4 மைக்ரானைவிடப் பெரியது, நாம் வெட்டுவது 4 மைக்ரான். கருவின் ஒரு பகுதிதான் சிலைடில் இருக்கும், சிக்னல் வெட்டுப்பட்டுக் காணாமல் போகும். அதனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத 100 கருக்களாவது எண்ண வேண்டும். இயல்பான திசுவில் எத்தனை சதவீதம் பொய்யாகப் பிரிந்து தெரிகிறது என்பதை ஒவ்வொரு லேபும் தானே அளந்து தன் எல்லையை வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு நிறத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு சிக்னல் அகலம் இடைவெளி இருந்தால்தான் பிரிந்தது என்று எடுக்கிறோம். டிஎன்ஏ சுருள் அவிழ்ந்து கிடக்கும்போது சின்ன இடைவெளி இயல்பான கருவிலும் தெரியும்.

திசுப் புரதத்தைச் செரித்துப் புரோபுக்கு வழிவிடும் பெப்சின் நொதியின் நேரம்தான் பலர் தடுமாறும் இடம். குறைவாக விட்டால் புரோப் உள்ளே போகாது, பின்னணி பச்சையாக மினுங்கும். அதிகமாக விட்டால் கரு ஓட்டை விழுந்து டோனட் மாதிரி ஆகும். 37 டிகிரியில் 10 நிமிடத்தில் தொடங்கி, கருவை நீலமாகக் காட்டும் டாபி சாயத்தில் அதன் விளிம்பைப் பார்த்துக்கொண்டே கூட்டுங்கள். ஃபார்மலினில் அதிக நாள் கிடந்த திசுவுக்குக் கூடுதல் நேரம் வேண்டும்.

முதுகலை_இரண்டு

நன்றி சார். அப்படியென்றால் ஃபிஷ் பாசிட்டிவ் வந்தால் மட்டுமாவது நிம்மதியா? சிறு வட்ட செல், இடபிள்யூஎஸ்ஆர்1 பிரிந்திருக்கிறது, முடிந்தது கதை என்று எடுத்துக்கொள்ளலாமா?

இணைவு_வரிசை

அதுவும் முடியாது, தம்பி. இடபிள்யூஎஸ்ஆர்1 பல வீட்டுக்குப் போய்வரும் மரபணு. டெஸ்மோபிளாஸ்டிக் சிறு வட்ட செல் கட்டியில் அது டபிள்யூடி1-உடன் சேர்கிறது. அதுவும் 11;22 இடமாற்றம்தான், ஆனால் 11-இல் உடைவது குட்டைக் கையின் பி13. ரிப்போர்ட்டில் '11;22 உள்ளது' என்று மட்டும் எழுதிப் பட்டை எண்ணை விட்டுவிட்டால் இரண்டு நோயும் ஒன்றாகிவிடும். கிளியர் செல் சார்கோமாவில் கூட்டாளி ஏடிஎஃப்1, எலும்புக்கு வெளியே வரும் மிக்சாய்ட் காண்ட்ரோசார்கோமாவில் என்ஆர்4ஏ3, மயோஎபிதீலியல் கட்டிகளில் வேறு சில. இவை எல்லாவற்றிலும் பிரேக்-அபார்ட் பாசிட்டிவ். ஒரு பாதி யாரென்று மட்டும் சொல்லும் டெஸ்ட் அது, மறுபாதி யாரென்று சொல்லாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வகைப்பாட்டில் இதைத் தெளிவாகப் பிரித்துவிட்டார்கள். யூயிங் சார்கோமா என்றால் ஃபெட் குடும்ப மரபணு (இடபிள்யூஎஸ்ஆர்1, ஃபஸ் போன்றது) ஒன்று, ஈடிஎஸ் குடும்ப மரபணு ஒன்று, இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். ஃப்ளை1, ஈஆர்ஜி, ஈடிவி1, ஈடிவி4, ஃபெவ் ஆகியவை ஈடிஎஸ் குடும்பம். இடபிள்யூஎஸ்ஆர்1 ஈடிஎஸ் அல்லாத ஒன்றோடு, உதாரணமாக என்எஃப்ஏடிசி2-உடன், சேர்ந்தால் அது தனிப் பெட்டி. அந்தக் கட்டியில் ஃபிஷ் சிலைடு பார்த்தாலே சந்தேகம் வர வேண்டும்: மரபணுவின் முன்பகுதியைக் காட்டும் சிக்னல் மட்டும் கொத்துக் கொத்தாகப் பெருகியிருக்கும். யூயிங்குக்குத் தரும் கீமோவுக்கு அது சரியாகக் கட்டுப்படுவதில்லை. சிஐசி-டக்ஸ்4 இணைவுள்ள கட்டி தனி. சிடி99 அங்கங்கே திட்டுத்திட்டாகப் பிடிக்கும், டபிள்யூடி1-உம் ஈடிவி4-உம் கருவில் பிடிக்கும், போக்கு மோசமானது. பிகார்-சிசிஎன்பி3 இணைவுள்ள கட்டியும் தனி. பதின்ம வயதுப் பையன்களின் எலும்பில் வரும், எக்ஸ் குரோமோசோமுக்குள்ளேயே நடக்கும் ஒரு தலைகீழாக்கம், குரோமோசோம்களை வரிசையாக அடுக்கிப் பார்க்கும் சாதாரணக் கேரியோடைப்பில் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் சொன்ன கேஸில் ஃபிஷ் உண்மையாகவே நெகட்டிவ் என்றால் என் முதல் இரண்டு சந்தேகம் ஈஆர்ஜி இணைவும் பிகாரும்தான்.

ஆகவே விடை ஆர்என்ஏவில் இருக்கிறது. வாய்ப்பு இருந்தால் கூட்டாளி யாரென்று முன்கூட்டித் தெரியாமலே பிடிக்கும் ஆர்என்ஏ சீக்வென்சிங் பேனல் செய்யுங்கள். ஒரு பக்கம் இடபிள்யூஎஸ்ஆர்1, ஃபஸ், சிஐசி, பிகார் ஆகியவற்றில் பிரைமர் (பெருக்கலைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) நங்கூரமிட்டு, மறுபக்கம் எது வருகிறதோ அதைப் படிக்கும் முறை. அது இல்லையென்றால் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்கும் ஆர்டி-பிசிஆர். பாரஃபின் பிளாக்கிலிருந்து எடுத்த ஆர்என்ஏ நொறுங்கித்தான் இருக்கும், எனவே பெருக்கும் துண்டு 150 காரம் அளவுக்குள் இருக்கும்படி பிரைமர் வையுங்கள். உடைவுப் புள்ளி ஆளுக்கு ஆள் மாறும். இடபிள்யூஎஸ்ஆர்1-இன் 7-ஆம் எக்சான் (ஆர்என்ஏவில் மிஞ்சும் மரபணுத் துண்டு) ஃப்ளை1-இன் 6-ஆம் எக்சானோடு சேர்வது முதல் வகை, 5-ஆம் எக்சானோடு சேர்வது இரண்டாம் வகை. இவை இரண்டுமே பெரும்பான்மை, ஆனால் மீதி வகைகளும் உண்டு. முதல் வகைக்கு மட்டும் பிரைமர் வைத்துவிட்டு 'நெகட்டிவ்' எழுதுவது பெரிய பிழை. ஒவ்வொரு ஓட்டத்திலும் எல்லா செல்லிலும் இருக்கும் ஒரு மரபணுவைக் கட்டுப்பாடாகப் பெருக்குங்கள். அதுவே பெருகவில்லை என்றால் ரிப்போர்ட் 'ஆர்என்ஏ போதாது', வேறெதுவும் இல்லை.

முதல் வகை இருந்தால் பிழைப்பு நன்றாக இருக்கும் என்று 1990-களில் சொன்னார்கள். இன்றைய தீவிர கீமோவில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது என்று 2010-இல் ஐரோப்பிய, அமெரிக்கக் குழுக்கள் இரண்டுமே காட்டின. இணைவு வகையை நோயறிதலுக்காக எழுதுங்கள், பெற்றோரிடம் பிழைப்புக் கணக்கு சொல்லப் பயன்படுத்தாதீர்கள்.

வார்டு_ஏழு

சிகிச்சை பக்கத்திலிருந்து ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தத் துல்லியம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. யூயிங் என்று உறுதியானால் வின்கிரிஸ்டின், டாக்சோரூபிசின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு ஒரு சுற்று, ஐஃபாஸ்ஃபமைடு, எட்டோபோசைடு அடுத்த சுற்று என்று மாற்றி மாற்றி 14 நாளுக்கு ஒருமுறை, நடுவில் வெள்ளணு ஏற்றும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி. 21 நாள் இடைவெளியை 14 ஆக்கியதற்கே பரவாத நோயில் ஐந்தாண்டு நோயற்ற நிலை 65-லிருந்து 73 சதவீதமாக உயர்ந்தது. அமெரிக்கக் குழந்தைப் புற்று ஆய்வுக்குழுவின் 2012 முடிவு அது. லிம்ஃபோபிளாஸ்டிக் என்றாலோ தசைப் புற்றான ராப்டோமயோசார்கோமா என்றாலோ திட்டமே வேறு. சிஐசி, பிகார் இரண்டுக்கும் பெரிய தனி ஆய்வுகள் இல்லாததால் பெரும்பாலும் யூயிங் மருந்தே தருகிறோம். ஆனால் சிஐசியில் எதிர்பார்ப்பை வேறு மாதிரிதான் வைக்கிறோம்.

காய்ச்சல், ஈஎஸ்ஆர் ஏற்றம், வெள்ளணு அதிகம் என்றெல்லாம் யூயிங்கிலேயே வரும். ஊசியில் எடுத்தால் சீழ் போன்ற திரவமும் வரலாம், அது அழுகிய கட்டித் திசு. எலும்புச் சீழ்க்கட்டு அல்லது காசநோய் என்று மருந்து ஆரம்பித்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கும் ஆபத்து நம் ஊரில் அதிகம். எலும்பிலிருந்து சீழ் எடுத்தால் பாதியைக் கல்ச்சருக்கும் பாதியைப் பேத்தாலஜிக்கும் கட்டாயம் அனுப்ப வேண்டும்.

சிறுமருத்துவம்_வேலூர்ச்சாலை

பெற்றோர்கள் கேட்கும் கேள்வி: "குரோமோசோம் கோளாறு என்கிறீர்களே டாக்டர், எங்களிடமிருந்து வந்ததா? அடுத்த பிள்ளைக்கும் வருமா?" இதற்கு என்ன சொல்வது? சிலர் அப்பா அம்மா ரத்தத்துக்கே கேரியோடைப் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

பட்டைவரி

எழுதித் தரக் கூடாது, மேடம். இந்த 11;22 கட்டி செல்லில் மட்டும், ஒரே ஒரு செல்லில் தொடங்கிய மாற்றம். பிள்ளையின் ரத்தத்தில் இருக்காது, பெற்றோர் ரத்தத்திலும் இருக்காது, கடத்தப்படுவதும் இல்லை. இதை முதல் சந்திப்பிலேயே நேராகச் சொல்லிவிட வேண்டும், குற்ற உணர்ச்சியோடு வீட்டுக்குப் போகும் தாய்மார் அதிகம்.

தேவையில்லாமல் ரத்தக் கேரியோடைப் எடுத்தால் ஒரு பெரிய குழப்பம் காத்திருக்கிறது. பிறவியிலேயே, தலைமுறையாக வரும் 11;22 இடமாற்றம் ஒன்று உண்டு. அதில் உடைவு 11-இல் க்யூ23, 22-இல் க்யூ11. இரண்டு குரோமோசோம்களின் நீண்ட கைகள் ஒட்டிக்கொள்ளும் ராபர்ட்சோனியன் வகையை விட்டுவிட்டால், மனிதர்களில் மறுபடி மறுபடி காணப்படும் சமநிலை இடமாற்றங்களில் மிகப் பரவலானது அது. அதைச் சுமக்கிறவர் நலமாகவே இருப்பார், கருச்சிதைவு வரலாம், குழந்தைக்கு இமானுவேல் நோய்க்குறி என்ற பிறவிக் கோளாறு வரலாம். அதற்கும் யூயிங்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தற்செயலாக ஒரு தாயின் ரத்தத்தில் அது தெரிந்து, ரிப்போர்ட்டில் '11;22' என்று பார்த்தவர் 'பரம்பரை யூயிங்' என்று சொல்லிவிட்டால் அந்தக் குடும்பம் என்ன பாடுபடும்! பட்டை எண்ணைப் படியுங்கள். க்யூ24, க்யூ12 என்றால் கட்டி. க்யூ23, க்யூ11 என்றால் மரபுவழி.

இன்னொரு எலும்புப் புற்றான ஆஸ்டியோசார்கோமாவில் பதில் வேறு, அதையும் சேர்த்துச் சொல்கிறேன். அதற்கு இப்படி ஓர் அடையாள இடமாற்றம் கிடையாது. கேரியோடைப் எடுத்தால் குரோமோசோம்கள் சிதறி, எண்ணிக்கை ஏறி இறங்கி, ஒரு செல்லைப் போல இன்னொரு செல் இருக்காது. புற்றைத் தடுக்கும் டிபி53, ஆர்பி1 மரபணுக்களின் பழுது அதில் சாதாரணம். பலவகைப் புற்று பரம்பரையாக வரும் லீ-ஃப்ராமெனி குடும்பங்கள், பரம்பரை விழித்திரைப் புற்றிலிருந்து பிழைத்த பிள்ளைகள் ஆகியோருக்கு அது வரும் ஆபத்து அதிகம். அங்கே குடும்ப வரலாறு கட்டாயம் கேட்க வேண்டும்.

இணைவு_வரிசை

பரம்பரை பற்றிய பதிலில் ஒரு திருத்தம். இடமாற்றம் கடத்தப்படாது என்பது சரி. ஆனால் யூயிங் வருவதற்கான சாய்வு மரபணுப் பின்னணியைப் பொறுத்தது. ஐரோப்பிய வம்சாவளியினரில் காணப்படும் அளவோடு ஒப்பிட்டால் ஆப்பிரிக்க வம்சாவளியினரில் இது பல மடங்கு அரிது, அவர்கள் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் அப்படித்தான். காரணத்தின் ஒரு பகுதி இணைவுப் புரதம் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. இந்த நோயின் உயிரியலில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான், அதனால் சற்று நீட்டி எழுதுகிறேன்.

ஃப்ளை1-இன் பின்பாதி டிஎன்ஏவைப் பிடிக்கும் கை. அது தேடுவது ஜிஜிஏஏ என்ற நான்கெழுத்து. இயல்பான ஃப்ளை1 மரபணுக்களின் தொடக்கத்தில் இருக்கும் ஒற்றை ஜிஜிஏஏவைப் பிடிக்கும். இடபிள்யூஎஸ்ஆர்1-இன் முன்பாதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தன்மை கொண்ட நெகிழ்ந்த வால். அது சேர்ந்ததும் புரதங்கள் திரளாகக் கூட ஆரம்பிக்கின்றன. நம் மரபணுத்தொகுதியில் ஜிஜிஏஏஜிஜிஏஏஜிஜிஏஏ என்று அடுக்கடுக்காக வரும் நீண்ட இடங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவை பொதுவாக மூடிக் கிடக்கும், எந்த வேலையும் இல்லை. இணைவுப் புரதம் அங்கே திரண்டு, குரோமாட்டினைத் திறக்கும் பாஃப் தொகுதியை இழுத்துவந்து, அந்த இடத்தைப் புதிய ஊக்கியாக மாற்றிவிடுகிறது. பக்கத்து மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. நீங்கள் சாயம் போடும் என்கேஎக்ஸ்2.2 இப்படி விழித்த ஒன்றுதான். அதே புரதம் ஒற்றை ஜிஜிஏஏ உள்ள இடங்களிலிருந்து இயல்பான ஈடிஎஸ் புரதங்களை வெளியேற்றிப் பல மரபணுக்களை அணைக்கவும் செய்கிறது.

இப்போது மரபுவழிச் சாய்வுக்கு வருவோம். ஈஜிஆர்2 மரபணுவுக்கு அருகே ஜிஜிஏஏ அடுக்கின் நடுவில் சிலருக்கு ஜிஜிஏடி என்று ஒரு முறிவு இருக்கும். வேறு சிலருக்கு அந்த டி, ஏ ஆக இருக்கும். ஏ என்றால் அடுக்கு முறியாமல் நீளும், புரதம் இறுகப் பிடிக்கும், ஈஜிஆர்2 அதிகமாகும். 2015-இல் வெளியான கண்டுபிடிப்பு இது. தனி ஆளுக்கு இதைச் சோதித்துப் பார்ப்பதில் பயனில்லை, ஒற்றை ஆளின் ஆபத்து மிகமிகச் சிறிதே மாறும். ஆனால் சுண்டெலியில் ஏன் உண்மையான யூயிங் மாதிரியை உருவாக்க முடியவில்லை என்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம்: எலியின் மரபணுத்தொகுதியில் இந்த அடுக்குகள் அதே இடங்களில் இல்லை.

முதுகலை_இரண்டு

இவ்வளவு விளக்கத்துக்கும் மிக்க நன்றி. என் இரண்டாவது கேள்வி மிச்சம் இருக்கிறது: கூடுதல் குரோமோசோம் மாற்றங்கள்.

பட்டைவரி

யூயிங்கின் டிஎன்ஏ பெரியவர் புற்றுகளோடு ஒப்பிட்டால் அமைதியானது. புள்ளி மாற்றங்கள் மிகக் குறைவு. இணைவுதான் முதன்மை ஓட்டுநர். அதன்மேல் வரும் மாற்றங்களில் 8-ஆம் குரோமோசோம் மூன்று பிரதியாவது ஏறத்தாழ பாதிக் கட்டிகளில் உண்டு, 12-ஆம் குரோமோசோமுக்கு அதைவிடக் குறைவு. இவ்வளவு பரவலாக இருப்பதாலேயே 8-ஐ வைத்து நோயின் போக்கைப் பிரிக்க முடிவதில்லை. ஆனால் சிடி99 கூட உறுதியாக இல்லாத, தடுமாற்றமான கேஸில் 8 கூடுதல் தெரிந்தால் கட்டி செல்தான் பார்க்கிறோம் என்ற நம்பிக்கை கிடைக்கும்.

கவனிக்க வேண்டியது 1க்யூ கூடுதலும் 16க்யூ இழப்பும். இவை பல நேரம் ஒரே நிகழ்வின் இரண்டு முகம்: 1-ஆம், 16-ஆம் குரோமோசோம்களுக்கு இடையே சமநிலை இல்லாத இடமாற்றம் நடந்து, மாறிய 16 ஒன்று கூடுதல் 1க்யூவைச் சுமந்துகொண்டு தன் சொந்த நீண்ட கையை இழந்து நிற்கும். 1க்யூ கூடுதல் உள்ளவர்களின் போக்கு மோசம் என்று பல தொடர்களில் வந்திருக்கிறது.

மரபணு மட்டத்தில் ஸ்டாக்2. எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பையனுக்கு ஒரே பிரதி, பெண்ணுக்கு வேலை செய்யும் பிரதி ஒன்றே. ஒரு அடியிலேயே முழுவதும் போய்விடும். குரோமோசோம் பிரதிகளைச் சேர்த்துப் பிடிக்கும் கோஹீசின் வளையத்தின் அங்கம் அது. 15 முதல் 20 சதவீதம் கட்டிகளில் பழுதாகிறது, பரவிய நோயில் கூடுதல். டிபி53 பழுது அதைவிடக் குறைவு. இரண்டும் ஒரே கட்டியில் சேர்ந்தால் போக்கு மிக மோசம் என்று 2014-இல் காட்டினார்கள். ஸ்டாக்2 சாயம் எளிது: கட்டிக் கருக்கள் வெறுமையாக, நடுவில் இருக்கும் இயல்பான செல்கள் பழுப்பாகத் தெரிந்தால் இழப்பு. இயல்பான செல்லே வெறுமையாக இருந்தால் சாயம் வேலை செய்யவில்லை, மறுபடி போடுங்கள்.

வார்டு_ஏழு

சேர்த்துக்கொள்ளுங்கள்: இவற்றில் எதை வைத்தும் இன்று வழக்கமான சிகிச்சையைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. சிகிச்சையைத் தீர்மானிப்பது பரவியிருக்கிறதா, எங்கே பரவியிருக்கிறது, கட்டியின் அளவும் இடமும், அறுவையில் எடுத்த கட்டியில் கீமோவால் எவ்வளவு திசு இறந்திருக்கிறது என்பவைதான். நுரையீரலில் மட்டும் பரவியவர்கள் எலும்பிலும் மஜ்ஜையிலும் பரவியவர்களைவிட நன்றாகத் தாங்குகிறார்கள். ஸ்டாக்2 ரிப்போர்ட்டைக் காட்டி "கடுமையான வகை, இன்னும் பலமான மருந்து வேண்டும்" என்று பெற்றோரைச் செலவுக்குள் தள்ளுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

இணைவு_வரிசை

ஒத்துக்கொள்கிறேன். மருந்துக் கண்டுபிடிப்பிலும் இதே எச்சரிக்கை வேண்டும். லேப் தட்டில் யூயிங் செல்கள், டிஎன்ஏ பழுதுநீக்கத்தைத் தடுக்கும் பார்ப் தடுப்பான் மருந்துகளுக்கு நன்றாகச் சாகின்றன. அவற்றில் ஒன்றான ஓலாபரிப்பைத் தனி மருந்தாகக் கொடுத்த ஆய்வில் நோயாளிகளின் கட்டி சுருங்கவில்லை. தட்டில் வளரும் செல்வரிசைகளில் பெரும்பாலானவற்றில் டிபி53 பழுதாகியிருக்கும், ஆளிடம் உள்ள கட்டிகளில் பெரும்பாலும் அது நலமாக இருக்கும். பிரபலமான ஏ673 வரிசையில் பிராஃப் மரபணு மாற்றமும் சேர்ந்திருக்கிறது. அதில் கிடைத்த முடிவை நேரே பிள்ளைக்குக் கொண்டுவரக் கூடாது.

திசுத்துண்டு

எல்லாம் பேசினோம், திசு கையில் வரும் அந்த அரை மணி நேரத்தைப் பேசவில்லை. மேலே சொன்ன எந்த டெஸ்டும் அங்கே கெட்டால் திரும்ப வராது. ஆகவே வரிசையாக எழுதுகிறேன்.

பயாப்ஸியை, பின்னால் கட்டியை அகற்றப் போகும் எலும்பு அறுவை மருத்துவரிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். ஊசி போன பாதையும் பின்னால் வெட்டி எடுக்கப்பட வேண்டியது, தவறான பக்கம் போட்டால் கை கால் காப்பாற்றும் அறுவையே கெடும். யூயிங்கில் எலும்பைத் தாண்டி வெளியே மென்திசுக் கட்டி பெரிதாக இருக்கும். எம்ஆர்ஐ பார்த்து அதிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள், கால்சியம் நீக்கும் வேலையே இல்லை. ஒரு துண்டு போதாது, பல துண்டுகள் வேண்டும்.

துண்டு வந்ததும் ஃபார்மலினில் போடுவதற்கு முன்னால் சுத்தமான கண்ணாடிச் சிலைடில் மெல்ல ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது. ஆறு சிலைடு எடுத்தால் ஒன்று உடனே சாயமிட்டு உயிருள்ள கட்டி செல் இருக்கிறதா என்று பார்க்க, மீதி ஃபிஷ்ஷுக்கு. ஒற்றிய சிலைடில் கரு முழுசாக இருக்கும், பட்டைவரி சார் சொன்ன வெட்டுப்பட்ட கரு பிரச்சினையே வராது. பாரஃபின் பிளாக் வேலை முடிவதற்குள் முடிவு சொல்லிவிடலாம். செலவும் அதிகமில்லை, சின்ன லேபிலும் செய்யலாம். ஒரு துண்டை உடனே உறைய வைக்கவோ ஆர்என்ஏ காக்கும் திரவத்தில் போடவோ வழி இருந்தால் விடாதீர்கள். கேரியோடைப் வேண்டுமென்றால் கிருமி நீக்கிய வளர்ப்பு ஊடகத்தில் அன்றே லேபுக்குப் போக வேண்டும். உப்பு நீரில் இரவு முழுக்க வைத்தால் செல் செத்துவிடும், ஃபார்மலின் ஒரு சொட்டு பட்டாலும் வளராது.

மீதியை 10 சதவீத நடுநிலை பஃபர் ஃபார்மலினில், திசுவைப் போலப் பத்து மடங்கு அளவு, 6 முதல் 48 மணி நேரத்துக்குள். மென்மையான துண்டுகளையும் எலும்புத் துண்டுகளையும் தனித்தனி கேசட்டில் போட்டு, மென்மையான கேசட்டில் 'அமிலம் வேண்டாம்' என்று பென்சிலில் எழுதுங்கள். எலும்பு கேசட்டுக்கு, அமிலம் இல்லாமல் மெதுவாகக் கால்சியம் நீக்கும் ஈடிடிஏ, பிஎச் 7-ஐ ஒட்டி, தினமும் மாற்ற வேண்டும். ஊசித் துண்டுக்கு ஓரிரு நாள், பெரிய அறுவைத் துண்டுக்கு வாரக்கணக்கில் ஆகும். அவசரம் என்று அமிலத்துக்குப் போகாதீர்கள். கோரிக்கைத் தாளில் எந்தக் கேசட் எதில் எத்தனை நேரம் கிடந்தது என்று எழுதி அனுப்புங்கள். மூலக்கூறு லேபில் இருப்பவருக்கு முதலில் வேண்டிய தகவல் அதுதான்.

பட்டைவரி

கேரியோடைப் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வரி: யூயிங் செல்கள் வளர்ப்பில் சோம்பல். கட்டிக்குள் இருக்கும் இயல்பான ஃபைப்ரோபிளாஸ்ட்கள் முந்திக்கொண்டு வளரும். இரண்டு வாரம் கழித்து '46, இயல்பு' என்று வரும் ரிப்போர்ட் பெரும்பாலும் அந்த ஃபைப்ரோபிளாஸ்ட்டுடையது. இயல்பான கேரியோடைப்பை வைத்து யூயிங்கை ஒதுக்காதீர்கள்.

முதுகலை_இரண்டு

குறித்துக்கொண்டேன் சார். அப்படியானால் நான் கேட்ட கேஸுக்கு வரிசை இது: முதலில் பிளாக் அமிலத்தில் கிடந்ததா என்று விசாரிக்க வேண்டும், ஃபிஷ் சிலைடில் இயல்பான செல்களின் சிக்னலைப் பார்க்க வேண்டும், டிடிடி போட வேண்டும், பிறகு அமிலம் படாத பிளாக்கிலிருந்து ஆர்என்ஏ பேனல். அதுவரை ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது?

திசுத்துண்டு

"வகைப்படுத்த வேண்டிய சிறு வட்ட செல் கட்டி, யூயிங் சார்கோமாவுக்குச் சாதகம், இணைவு ஆய்வு நிலுவையில்" என்று எழுதிவிட்டு, அன்றே வார்டுக்கு போன் செய்யுங்கள். ஆர்என்ஏ பேனல் வர இரண்டு வாரம் ஆகலாம். பிள்ளைக்கு மூச்சுத் திணறலோ தண்டுவட அழுத்தமோ இருந்தால் அவர்கள் அதுவரை காத்திருக்க முடியாது. டிடிடி முடிவை மட்டும் அடுத்த நாளே கொடுத்துவிட வேண்டும், முதல் ஊசி எந்தத் திட்டத்தில் போவது என்பது அதில்தான் இருக்கிறது.